ரசம் மாஸ்டரும் ஒரு ஜோடி ஸ்பிரிங்கும்

குடும்பத்துக்காகக் கார் ஓட்டுகிறவர்கள் உண்டு, அந்தஸ்துக்காக ஓட்டுகிறவர்கள் உண்டு. ரசத்துக்காகக் கார் ஓட்டுகிற மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான், அவரும் திண்டிவனத்தில் என் எதிர்வீட்டில் குடியிருக்கிறார் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார்.

கல்யாணச் சமையல்காரர். ஊருக்கு அவர் ரசம் மாஸ்டர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், அது ரேஷன் கார்டோடு சரி. சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் மண்டபத்தில் சமைப்பார். ரசத்தை மட்டும் வீட்டில்தான் வைப்பார். மண்டபத்துத் தண்ணீர் ரசத்துக்கு ஆகாதாம். பொழுது விடிந்ததும் ரச அண்டா காரில் ஏறும். மூடி கிடையாது, மூடினால் வாசனை செத்துவிடுமாம். ததும்பாமல் இருக்க மேலே ஒரு வாழை இலையை மிதக்கவிடுவார். அந்த இலை எங்கள் வீட்டு மரத்து இலை. ஒரு நாளாவது என்னைக் கேட்டுவிட்டு அறுத்திருப்பாரா என்றால், அதுதான் இல்லை. இது விஷயமாக நானும் கத்தாத கத்தல் இல்லை.

அவருடைய கார் பின்பக்கம் நீண்ட பழைய எஸ்டேட் வண்டி. டிக்கி இருக்கவேண்டிய இடத்தில், பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையே இருக்கும். வருஷக்கணக்காக அண்டாக்களைச் சுமந்ததில் பின் ஸ்பிரிங் இரண்டும் உட்கார்ந்துவிட்டன. பின்பக்கம் தரையைத் தேய்க்க, முன் விளக்குகள் தென்னை மர உச்சியைப் பார்த்தன. இருட்டிய பிறகு அவர் வண்டி வந்தால் சாலையில் வெளிச்சமே இருக்காது, மரத்திலிருக்கும் காக்கைகள்தான் விழித்துக்கொள்ளும்.

மாஸ்டர் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை, மகள் செல்விக்கு வளைகாப்பு வருகிற வரைக்கும். செல்வியை மண்டகப்பட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தார். வளையல் போட்ட கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அந்தச் சமயத்தில்தான் சம்பந்தியம்மா போன் செய்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க சம்பந்தி. உங்க வண்டி குலுக்கற குலுக்கல்ல என் மருமவளுக்கு வழியிலயே வலி எடுத்துக்கும். நாங்களே டாக்சி சொல்லிடறோம்."

போனை வைத்த மாஸ்டர் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, அவ பொறந்தப்போ ஆஸ்பத்திரியிலேர்ந்து இந்த வண்டியிலதான் தூக்கிக்கினு வந்தேன். இப்பவும் இதுலதான் வருவா. குலுங்காம வருவா. நீ பார்த்துக்கினே இரு."

மெக்கானிக் பாபு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எச்சரித்தான். "மாஸ்டர், இதே மாடல்ல டிக்கி வெச்ச வண்டியும் வந்துச்சு. கடைக்காரங்க அதோட ஸ்பிரிங்கைத்தான் எடுத்து நீட்டுவாங்க. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஏமாந்துடாதீங்க. எஸ்டேட்டுக்கு வேற ஸ்பிரிங்கு, எடை தாங்கறது."

மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய் அந்த டிக்கி வண்டி ஸ்பிரிங்கையே வாங்கி வந்தார். மாட்டி, அண்டாவை ஏற்றியதும் வண்டி மறுபடியும் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

இனி விழுப்புரம்தான் என்று முடிவாயிற்று. நான் தினமும் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவன் என்பதால் எனக்கும் தப்ப வழியில்லை. கடைக்காரர்களுக்குக் காட்டுவதற்காக, கழற்றிய பழைய ஸ்பிரிங்கை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் வந்து நின்றார்.

"பெரியவரே, இன்னா இது?"

"காருங்க."

"காரா? மீதி எங்க?"

"வீட்ல நிக்குது. நீங்க ஜல்தியா டிக்கெட்ட குடுங்க."

விழுப்புரத்தில் அவர் ஏறாத உதிரிபாகக் கடை இல்லை. கடைக்காரர் ஸ்பிரிங்கை எடுத்து வைத்ததும் மாஸ்டர் அதைத் தரையில் நிறுத்துவார், வேட்டியை மடித்துக் கட்டுவார், அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். கண்ணை மூடி மெல்ல அமுங்கிப் பார்ப்பார். உப்புப் பார்க்கும்போது முகத்தில் என்ன களை வருமோ அதே களை.

"எறங்குங்க பெரியவரே! அது உக்கார்ற சாமானா?"

"பின்ன? என் பொண்ணு உக்காரப் போறா. அப்பன் உக்காந்து பார்க்க வேணாமா?"

"இதான் உங்க வண்டிக்குன்னு சொல்றேன் இல்ல?"

"இது டிக்கி வண்டிது. என் எடைக்கே இப்படி அமுங்குது. அண்டாவுக்கு இன்னா ஆவும்?"

இப்படியே கடை கடையாக உட்கார்ந்து எழுந்தார். அந்த வீதியில் எங்களைத் தூரத்தில் கண்டாலே ஸ்பிரிங்குகளை உள்ளே எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். ஆபீசுக்கு நான் சொன்ன காரணங்கள் தீர்ந்துபோயின. பேசாமல் டாக்சியில் வரட்டுமே என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு, வண்டி விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இழுத்து மூடப்போகிற நிலையில் இருந்த ஒரு பழைய கடையின் பரணில் ஒரு ஜோடி அகப்பட்டது. ஒட்டடைக்குள்ளே, பிரிக்காத அட்டைப்பெட்டி. மாஸ்டர் உட்கார்ந்தார். ஸ்பிரிங் அசையவே இல்லை. எம்பி எம்பி உட்கார்ந்தார். அப்போதும் அசையவில்லை.

"இதான் தம்பி!" என்று அந்தத் தூசியோடு என்னைக் கட்டிக்கொண்டார்.

பாபு மாட்டினான். வண்டி நிமிர்ந்தது. ரசம் நிறைந்த அண்டாக்களை ஏற்றிக்கொண்டு, ரோடு போடுவதற்காக ஜல்லி கொட்டி வைத்திருந்த ஓமந்தூர்ப் பாதையில் வெள்ளோட்டம் போனோம். பின்னால் சுருண்டு உட்கார்ந்து ரசத்தைப் பார்த்துக்கொண்டே வருவது என் வேலை. ஒரு துளி சிந்தவில்லை. திரும்பி வந்ததும் பாபு, "ஒரு தடவை காலியாவும் ஓட்டிப் பாருங்க மாஸ்டர்" என்றான்.

"நான் என்னிக்குடா காலியா போயிருக்கேன்?" என்று சிரித்துவிட்டார் மாஸ்டர்.

வளைகாப்பு அன்று தேங்காய் சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம் என்று வண்டி நிறையச் சாதத்தோடு மாஸ்டரும் அவர் மனைவியும் நானும் மண்டகப்பட்டில் போய் இறங்கினோம். பிரமாதமான சவாரி. சம்பந்தியம்மாவே வாசலில் நின்று பார்த்தார். செல்வியின் இரண்டு கையும் வளையலால் நிறைந்தது. சாப்பாடு முடிந்ததும் பெண்ணுக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்று பாத்திரங்களையெல்லாம் லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார் மாஸ்டர்.

"மொதல்ல நான் ஒரு ரவுண்டு வந்து பார்க்கறேன்" என்று சம்பந்தியம்மா வண்டியில் ஏறினார்.

குகைக்கோயில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். சம்பந்தியம்மா இறங்கியபோது கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. ஒரு கை தலையிலும் ஒரு கை இடுப்பிலும் இருந்தது.

"கூரையில நாலு எடத்துல முட்டிக்கினேன் சம்பந்தி. கட்டை வண்டியே தேவலாம்."

மாஸ்டர் பாபுவுக்குப் போன் போட்டார். "அது எடை தாங்கற ஸ்பிரிங்கு மாஸ்டர். எடை இருந்தாத்தான் அமுங்கும். அன்னிக்கே சொன்னேனே" என்றது போன்.

சம்பந்தி வீட்டில் டாக்சிக்குச் சொல்லியாயிற்று. மாஸ்டர் வண்டியின் பின்கதவைத் திறந்து, காலியான அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். செல்வி வாசற்படியில் நின்று, "நான் அப்பா வண்டியிலயே வர்றேனே அத்தை" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

மாஸ்டருக்குக் கேட்டுவிட்டது. திரும்பினார். "சொந்தக்காரங்க நாலு பேரு பின்னாடி ஏறுங்க!"

"பிரசவத்துக்குப் போற வண்டியா, கட்சிக் கூட்டத்துக்குப் போற வண்டியா?" என்று தடுத்தார் சம்பந்தியம்மா. செல்வியின் மாமனார் மனசு இரங்கி, வாசலில் கிடந்த வேர்க்கடலை மூட்டைகளைக் காட்டி, "மல்லாட்டை மூட்டை கெடக்குது, ஏத்திக்கோங்க" என்றார்.

"மூட்டை வேணாம் சம்பந்தி. நான் வேகமா போனாலும் மூட்டை வாயைத் தொறக்காது. தண்ணின்னா ததும்பிக் காட்டிக் குடுத்துடும். உங்க வீட்டு அண்டாவைக் குடுங்க."

சம்பந்தி வீட்டு அண்டாக்களைப் பின்னால் ஏற்றிக் கட்டி, பம்புசெட்டிலிருந்து குழாய் போட்டுக் கழுத்துவரை தண்ணீர் நிரப்பினார். மேலே வாழை இலை. சம்பந்தியம்மா மறுபடியும் ஏறினார், இந்தத் தடவை கையில் ஒரு டம்ளர் மோரோடு. போய்த் திரும்பி வந்து இறங்கினார். டம்ளரைப் பார்த்தார், மோரை ஒரே மடக்கில் குடித்தார்.

"டாக்சிய வேணாம்னு சொல்லிடுங்க" என்றார்.

செஞ்சி வழியாக வந்தோம். செல்வியும் அவள் அம்மாவும் சீட்டில், அண்டாக்களுக்கு நடுவே நான். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பள்ளம் வரும்போதெல்லாம் மாஸ்டர், "ததும்புதா தம்பி?" என்பார். "இல்ல மாஸ்டர்" என்பேன். கொஞ்ச நேரத்தில் செல்வி தூங்கிவிட்டாள். அதன்பிறகு அவர் என்னைக் கேட்கவில்லை, கண்ணாடியில் மகள் முகத்தை மட்டும் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

வீட்டு வாசலில் என் மனைவி ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். மாஸ்டர் எஞ்சினை அணைத்துவிட்டு யாரையும் கதவைத் திறக்கவிடவில்லை. அவள் தானாக விழிக்கிற வரைக்கும் அத்தனை பேரும் மூச்சுவிடாமல் காத்திருந்தோம். எனக்குக் கால் இரண்டும் மரத்துப்போயின.

பேத்தி பிறந்து இப்போது பேச்சுப் பேசுகிறாள். ஆட்களை ஏற்றுவதற்குத் தோதாக மிருதுவான ஸ்பிரிங் ஒன்று வந்திருக்கிறது, மாற்றிவிடலாம் என்று பாபு சொல்லிப் பார்த்தான். "இவ்ளோ பேஜாரு பட்டு வாங்கின ஸ்பிரிங்கைக் கழட்டச் சொல்றியே, உனக்கு மனசு வருதா?" என்று மாஸ்டர் அவனைத் துரத்திவிட்டார். பேத்தியை அழைத்துவரக் கிளம்பும்போதெல்லாம் காலையிலேயே அண்டாக்களுக்குத் தண்ணீர் பிடிக்கிற சத்தம் எதிர்வீட்டில் கேட்கும்.

போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டது. நான் கத்தியோடு தோட்டத்துக்குப் போய், இருப்பதிலேயே அகலமான இலையாகப் பார்த்து நானே அறுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.