பெருக்கல் குறி

மூன்றாவது ஓட்டையை அடைக்கப் போனபோதுதான் நான்காவது ஓட்டை விழுந்தது.

அவர் வெல்டிங் முகமூடியைத் தூக்கிப் பார்த்தார். பளபளவென்று வாங்கி வந்த ஸ்டெயின்லெஸ் குழாயின் முனை, அடிப்பிடித்த பாத்திரம்போல் கருத்துப் போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்பு சாக்கட்டியை எடுத்து அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். போட்ட பிறகுதான் அது தன் சொந்த வேலை என்பது நினைவுக்கு வந்தது.

பழக்கதோஷம். முப்பது வருடம் ஆலையில் வெல்டிங் பரிசோதகராக இருந்தவர். ஒரு நாளும் பற்றவைத்ததில்லை. பிறர் பற்றவைத்ததைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, பிடிக்காததன்மேல் பெருக்கல் குறி போடுவார். ஆலையில் அவர் பெயரே 'பெருக்கல்'. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் உங்களைக் கூப்பிட எனக்குக் கூச்சமா இருக்குங்க. நான் தனியா போகணும், அவ்வளவுதான். கடையிலே ரெடிமேடாவே கிடைக்குமாமே?"

"எவனோ பத்தவெச்சதை நம்பி உன்னை விடச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, அவர் கேஸ் சிலிண்டர் மாட்டி ஓட்டும் ஒரு மிக் வெல்டிங் மெஷினை வாங்கி வந்தார்.

வேலை சின்னதுதான். ஆறடிக் குழாய், இரண்டு முனையிலும் சுவரில் திருக ஒவ்வொரு வட்டத் தகடு. இரண்டே வெல்டு.

கேஸ் கடைக்காரர் மட்டும் இழுத்தார். "ஸ்டெயின்லெஸ்னா இந்த வெறும் கார்பன் டை ஆக்சைடு வேணாம் சார். ஆர்கான் கலந்தது தர்றேன்."

"தம்பி, எங்க ஆலையிலே இரும்புக்கும் ஸ்டெயின்லெஸுக்கும் இதேதான். கையெழுத்துப் போட்டவனே நான்தான். எனக்கே பாடமா?"

கடைக்காரர் அவர் கேட்ட சிலிண்டரையே உருட்டி வந்து கொடுத்தார்.

முதல் வெல்டு கருப்பாக வந்தது. சூடு போதவில்லை என்று கூட்டினார், ஓட்டை விழுந்தது. முனையை வெட்டிவிட்டு, ஐந்தரை அடியில் மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை தகடு நெளிந்தது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். தகடு நிமிர்ந்தது, வெல்டு விட்டுப்போயிற்று. நாலரை அடி. புகை கண்ணைக் கரித்ததால் ஃபேனைப் பக்கத்தில் வைத்தார். புகையோடு வெல்டை மூட வேண்டிய கேஸையும் ஃபேன் அள்ளிக்கொண்டு போனது. வெல்டு முழுக்கப் பொத்தல். இதே தப்புக்காக அவர் பதினொரு பேரைத் திட்டியிருக்கிறார். மூன்றடி.

மனைவி கட்டிலில் இருந்தபடி ஜன்னல் வழியே கொல்லை ஷெட்டை எட்டிப் பார்த்தாள்.

"அது என்னங்க, துண்டு காயப்போடவா?"

"பேசாம படு."

"இன்னும் நாலு நாள் போனா பிரஷ் மாட்டலாம்."

அன்று மாலை முகமூடிக்குள் இருந்தவருக்கு வீட்டுக்குள் தொம்மென்று ஏதோ விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. ஓடினார். குளியலறை வாசலில், ஈரத் தரையில், சுவரில் சாய்ந்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். அடி ஒன்றும் இல்லை.

"மூணு தடவை கூப்பிட்டேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அவளைப் படுக்க வைத்து, ஈரப் புடவை மாற்ற உதவிய பிறகு, "நல்ல கை உள்ள ஆளா ஒருத்தரைக் கூப்பிடுங்களேன்" என்றாள்.

நல்ல கை என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஆலையில் 'தையல்காரர்' என்பார்கள் அந்த வெல்டரை. ஸ்டெயின்லெஸ் வேலை முழுக்க அவரிடம்தான்; அவர் போட்ட வெல்டு தையல் போட்டதுபோல் வரிசையாக இருக்கும். பதினைந்து வருடம் அவர் வேலையில் பெருக்கல் குறி விழுந்ததில்லை. பிறகு ஒரே வாரத்தில் எல்லாம் கருப்பாக வந்தது. மூன்று தரம் பார்த்துவிட்டு, 'கை நடுங்குகிறது' என்று எழுதியவர் இவர்தான். குடிதான் காரணம் என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள். அதை ஆரம்பித்துவைத்ததும் இவர்தான். அதற்குப் பிறகு யாரும் அந்த மனுஷனுக்கு வெல்டிங் வேலை கொடுக்கவில்லை. இப்போது தெருமுனையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார்.

மறுநாள் காலை பெருக்கல் அங்கே போய் நின்று, மென்று விழுங்கி, விஷயத்தைச் சொன்னார்.

"அம்மாவுக்கா? வர்றேன் சார்" என்று தையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

வந்தவர் முதலில் குளியலறையைப் பார்த்தார். "அம்மா எந்தக் கையாலே பிடிப்பாங்க?"

பெருக்கல் சுவரை மில்லிமீட்டர் கணக்கில் அளந்திருந்தார். இதைக் கேட்கத் தோன்றவில்லை.

"இடது கைங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்போ இந்தப் பக்கம் ரெண்டடி போதும் சார். சரியான இடத்திலே இருந்தாப் போதும்."

ஷெட்டுக்கு வந்தார். சிலிண்டர்மேல் ஒட்டியிருந்த காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெட்டிப் போட்ட துண்டு ஒன்றை எடுத்து, முகமூடியை இறக்கி, ஒரு விரற்கடை நீளத்துக்கு வெல்டு போட்டார். கை கல் மாதிரி நின்றது.

வெல்டு கருப்பாக வந்தது.

பெருக்கலுக்கு உயிர் வந்துவிட்டது. சிவந்த முகத்தில் சிரிப்பு பரவ, கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

"பார்த்தியா! உனக்கும் கருப்பு! அந்த நடுக்கம் இன்னும் போகலேப்பா உனக்கு!"

துண்டின்மேல் பெருக்கல் குறி விழுந்தது. தையல்காரர் அதைத் துடைக்கவில்லை. சிலிண்டரின் வால்வை மெதுவாகத் திருகி மூடினார்.

"நாளைக்கு வேற கேஸ் கொண்டு வந்து அம்மாவுக்கு முடிச்சுத் தர்றேன் சார். ஸ்டெயின்லெஸுக்கு இது ஆகாது. யார் கையிலே குடுத்தாலும் கருப்பாத்தான் வரும்."

"என்னய்யா சொல்றே? நம்ம ஆலையிலே இதையேதானே போட்டோம்? பழைய கேஸை மாத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதே நான்தானே!"

"ஆமா சார். இது ஆலைக்குள்ளே வந்த திங்கட்கிழமையிலிருந்துதான் என் கை நடுங்க ஆரம்பிச்சுது."