பல் டாக்டருக்கு எல்லாம் தெரியும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. தாங்களும் என் மகளும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் விருப்பம். இங்கே நாங்கள் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. ஆனால் முப்பத்தொரு வருடம் ஆவணக் காப்பறையில் வேலை பார்த்தவன், இல்லாததை எழுத்தில் கொடுக்க மாட்டேன். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். தாங்கள் வீட்டுக்கடன் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். பெண் கொடுத்த இடம் வேறு. கோபமாக ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாதே என்று இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு நான்காவது முறையாக எழுதுகிறேன். கிழித்த தாள்களையும் சும்மா வீசவில்லை. தண்ணீரில் ஊறவைத்து, கையால் பிசைந்து, உருண்டையாக்கிய பிறகுதான் குப்பையில் போட்டேன். ஒரு ரகசியத்தை நான் எப்படிக் காப்பாற்றுகிறவன் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும்.

விஷயம் அந்தத் தரைத்தள வீடு. தங்கள் அத்தைக்கு இரண்டு முழங்காலும் படுத்துகிறது. கடைக்குப் போய்விட்டு மூன்றாவது மாடிக்கு ஏறும்போது ஒவ்வொரு தளத்திலும் பையைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமோ பேச நின்ற மாதிரி நிற்பாள். பேச ஆள் இல்லாவிட்டால் மின்சார மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். போன மாதத்திலிருந்து கீழே இறங்குவதையே விட்டுவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் ஓய்வூதியம் வாங்குகிற வயதில் கடன் வாங்கத் துணிந்தேன். இரண்டு தெரு தள்ளி அந்த வீட்டு மதிலில் ‘விற்பனைக்கு’ என்று ஒரு பலகை, அதன் கீழே வீட்டுக்காரரின் போன் எண், ஒவ்வொரு இலக்கமும் என் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பில். நாலு மாதமாகக் காலை நடைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பலகைக்கு எதிரே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் திரும்புவேன். வாசலில் ஒரே ஒரு படி மாப்பிள்ளை, அதுவும் உயரம் குறைந்த படி.

வீட்டுக்காரர் ஒரு பல் டாக்டர். நாற்பது லட்சம் என்றார். முப்பத்திரண்டுக்கு மேல் என்னிடம் ஒரு காசு பெயராது என்றேன். பேரம் பேசப் போகும்போதெல்லாம் காலர் நைந்த சட்டையைத்தான் போட்டுக்கொள்வேன். ஆட்டோவிலிருந்து தெருமுனையிலேயே இறங்கி, வழி நெடுக நடந்தே வந்தவன் மாதிரி மூச்சு வாங்குவேன். தாங்கள் பரிசளித்த கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வேன். “கம்பெனிக்காரங்க ரொம்ப யோசிக்கிறாங்க டாக்டர், எவ்வளவு தேறும்னே தெரியல” என்று முகத்தைத் தொங்கப் போடுவேன். அவரோ, நான் பேசும்போது என் பற்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கடன் படிவம் கொடுத்த விஷயத்திலும் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஜெராக்ஸ் கடையில் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று, கோணலாக விழுந்த நகலைக்கூட எண்ணி வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு நகலிலும் குறுக்கே ‘வீட்டுக்கடனுக்கு மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ‘கைபேசி எண்’ என்று ஒரு கட்டம் இருந்தது. என் எண்ணை நான் யாருக்கும் தருவதில்லை. தங்கள் கல்யாணத்தின்போது மண்டபத்துக்காரருக்கே தராதவன். எண்ணைக் கொடுத்தால் அது நாலு கை மாறும், நாளைக்கே நாற்பது பேர் கூப்பிடுவார்கள். அதனால் அந்த நிமிடத்தில் மனதில் வந்த ஏதோ பத்து இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, தகவல் வேண்டுமென்றால் நேரில் போய்க் கேட்டுக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவனுக்குத்தான் போன ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது.

அன்று தங்கள் அத்தையையும் கைபிடித்து மெதுவாக இறக்கி, வீடு பார்க்கக் கூட்டிப் போயிருந்தேன். அந்த ஒற்றைப் படியில் ஒரு முறை ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள், என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! பல் டாக்டர் எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நிதானமாகச் சொன்னார்: “சுத்தி வளைக்க வேணாம் சார். கம்பெனி இருபத்தேழு லட்சத்து நாப்பதாயிரம் குடுக்குது. உங்க பங்கு ஒம்பது. ஆக முப்பத்தாறு லட்சத்து நாப்பதாயிரம். அதுக்கே முடிச்சுக்கலாம்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தொகை எனக்கே முந்தின நாள் மத்தியானம் தங்கள் ஆபீசுக்கு நேரில் போய்க் கேட்டபோதுதான் தெரியும். கட்டிய மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. நான் முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று கரடியாகக் கத்திக்கொண்டிருக்க, இந்த மனுஷர் என் சட்டைப்பைக்குள் கையை விட்டு எண்ணிப் பார்த்த மாதிரி சொல்கிறார்!

அதோடு விட்டாரா? “இன்னொண்ணு சார், பழைய ஸ்கூட்டர் கடன் ஒண்ணு பாக்கி நிக்குதாமே, அதையும் அடைச்சிட்டீங்கன்னா பத்திரம் சீக்கிரம் ஆயிடும்” என்றார். தங்கள் அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “ஸ்கூட்டரா? யாருக்கு ஸ்கூட்டர்?” என்றாள். மாப்பிள்ளை, தங்களிடம் மறைப்பானேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆபீஸ் குடைக்காரர் (வெயில் மழை எதுவானாலும் குடையோடு வருவார், அதனால் அந்தப் பெயர்) ஸ்கூட்டர் வாங்க நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் மூன்று தவணை கட்டிவிட்டு, குடையை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். அது என் பெயரில் நிற்கிறது என்பது தங்கள் கம்பெனி எடுத்த என் கடன் வரலாற்று அறிக்கையைப் பார்த்துத்தான் எனக்கே தெரிய வந்தது. பன்னிரண்டு வருடமாக நான் மென்று விழுங்கி வைத்திருந்ததை அந்த மனுஷர் பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அத்தை கோபத்தில் மூன்று மாடியையும் எங்கேயும் நிற்காமல் ஏறினாள். சாயங்காலம் முழங்கால் வீங்கிவிட்டது. தைலம் தேய்க்கப் போனேன். “இன்னும் என்னென்ன இருக்கு, மொத்தமா சொல்லிடுங்க” என்றாள். நாலு நாளாகச் சாப்பாட்டுத் தட்டு மேஜைமேல் சத்தத்தோடுதான் வந்து விழுகிறது.

குட்டு எங்கே உடைந்தது என்று பார்க்கத் திங்கட்கிழமை தங்கள் ஆபீசுக்கு வந்தேன். தாங்கள் வெளியே போயிருந்தீர்கள். காத்திருக்கும் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் அம்மா ஒவ்வொருவரையும் “சம்பளம் எவ்வளவு? சத்தமா சொல்லுங்க, ஃபேன் ஓடுது” என்கிறார். ஒரு லாரி டிரைவர் கூச்சப்பட்டு மெல்லச் சொன்னார். அந்த அம்மா அதைக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னார். ஒரு தையல்காரம்மா புருஷனுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் தெரிந்துவிட்டது. அவர்தான் அந்தப் புருஷன் என்பது பிறகு தெரிந்தது. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருக்கிறார்கள், என் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. டீ கொண்டுவருகிறவர் டம்ளர் சூட்டுக்கு அடியில் மடித்து வைத்த தாளைப் பிரித்துப் பார்த்தேன், யாரோ ஒருவரின் ஆறு மாத வங்கிக் கணக்கு. எங்கள் காப்பறையில் ஒரு தாள் வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு கையெழுத்தும் ஒரு முத்திரையும் வேண்டும். இங்கே டீ டம்ளர் வெளியே கொண்டுபோகிறது! கடன் கேட்டு வருகிறவன் என்ன, மானத்தையும் சேர்த்தா அடகு வைக்கிறான்? எனக்கு வயிறு எரிந்தது மாப்பிள்ளை.

ஆனாலும் ஸ்கூட்டர் விஷயம் டீ டம்ளரில் போயிருக்காது. அந்தக் கோப்பு தங்கள் மேஜையில்தான் இருந்தது. நான் தங்களைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்கக் கூடாது. மகளைக் கொடுத்தவன் அப்படி நினைப்பேனா? ஆனால் போன வருடம் தங்களுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியது இதே பல் டாக்டர்தான் என்று மகள் சொன்னாள். மறுபடியும் பல் தொந்தரவு என்று போயிருப்பீர்கள், மரத்துப்போக ஊசி போட்டிருப்பார், அந்த நிலையில் மனிதன் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் இரண்டு வார்த்தை பேசிவிடலாம். அது தங்கள் தப்பு ஆகாது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? முந்தாநாள் தங்கள் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்பியிருக்கிறேன், நாலு பேருக்கு நகல். பல் டாக்டர் கையாள் வைத்துக் கோப்பைத் திருடினார் என்று விவரமாக எழுதியிருக்கிறேன். தங்கள் பெயரை மரியாதை கருதி எழுதவில்லை, பதவியை மட்டும் எழுதினேன். அந்தப் பதவியில் அங்கே ஒருவர்தான் இருக்கிறார் என்பது தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. வீடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். தாங்கள் தந்த கைக்கடிகாரத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன், கனத்த மனதோடு.

குழந்தையை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். என் மகளிடம் இதையெல்லாம் படித்துக் காட்ட வேண்டாம், அவள் அம்மா ஏற்கெனவே போனில் சொல்லியிருப்பாள். தாங்கள் நீண்ட ஆயுளோடும் உறுதியான பற்களோடும் இருக்க வாழ்த்தும்,

தங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது வாசல் மணி அடித்தது. பல் டாக்டர். நாலு நாளாக எங்களிடமிருந்து பதிலே காணோமே என்று மூன்று மாடி ஏறி வந்து நிற்கிறார். அவர் தம் போனை எடுத்து அத்தையிடம் காட்டினார். தங்கள் கம்பெனியிலிருந்து அவருக்குப் பத்தொன்பது மெசேஜ் வந்திருக்கிறது மாப்பிள்ளை. தொகை, என் பங்கு, தவணை, ஸ்கூட்டர், எல்லாம். படிவத்தில் மனதில் வந்த ஏதோ பத்து இலக்கம் என்று எழுதினேனே, அது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு மாதமாகத் தினமும் நின்று பார்த்த பலகையிலிருந்து வந்திருக்கிறது.

அவர் சொன்னார்: “வீடு வாங்க வர்றவங்க கைல இருக்கறத மறைப்பாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் கடன் கணக்கு பூராவும் எனக்கே வர்ற மாதிரி என் நம்பரக் குடுத்திருக்கார். இந்தக் காலத்துல இப்படி ஒளிவுமறைவு இல்லாத மனுஷனா! அதான் நாப்பதுல இருந்து அவரால முடிஞ்ச தொகைக்கே எறங்கிட்டேன்.” அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். தோள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன். கடிகாரத்தை உறையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டேன். மேலே எழுதியதை எல்லாம், காத்திருக்கும் கூடத்தைப் பற்றியதைத் தவிர, எழுதாததாக வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் பதியும்வரை அந்த எண்ணை யாரும் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று, இதுதான் அவசரம். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய மனுப் படிவத்திலும் ‘புகார்தாரரின் தொடர்பு எண்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கேயும் என் எண்ணை நான் கொடுக்கவில்லை. அதே பத்து இலக்கம்தான். விசாரணைக்கு அவர்கள் கூப்பிடுவதற்குள் ஏதாவது செய்யுங்கள் மாப்பிள்ளை.