பதினான்கு நாள் நோயாளி

மூன்றாம் நாளே கருணாகரனுக்குச் சளி விட்டுவிட்டது. காய்ச்சலும் போய்விட்டது. அஞ்சலைக்கு அழுகை அழுகையாக வந்தது.

"இன்னொரு தடவை வாயைத் திறங்க" என்றாள். தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு. அதற்கு மேல் ஒரு முடியளவும் ஏறவில்லை.

"புருஷன் நல்லாயிட்டா சந்தோஷப்படணும்லா?"

"இன்னும் பதினோரு நாள் பாக்கி இருக்கே! ஒரு வாரமாவது இழுக்கும்னு பார்த்தேன். இப்படியா ஏமாத்துவீங்க?"

கருணாகரன் குற்றவாளியைப் போலப் போர்வையை இழுத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். அஞ்சலை ஊர் ஆஸ்பத்திரியில் பத்து வருஷமாக நர்ஸ். அவர்கள் குடியிருந்த காஜா பெராங்கில் நர்ஸம்மாவை 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷமாக லண்டனிலிருந்து தபாலில் பாடம் தருவித்து, ராத்திரி டியூட்டி முடிந்து வந்து பகலில் படித்தாள். பதினெட்டுப் பாடமும் முடித்துவிட்டாள். நாடு சுதந்திரமாகும் மெர்டேக்காவுக்கு இன்னும் மூன்றே மாதம். நர்ஸுகளுக்கு மேலான வெள்ளைக்கார சிஸ்டர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறப் போகிறார்கள். அந்த நாற்காலிகளில் டிப்ளோமா உள்ளவள்தான் உட்கார முடியும். நேற்று வந்த சின்னப் பெண்களெல்லாம் வெள்ளைத் தோலை வைத்துக்கொண்டு தன்னை விரட்டியதை அஞ்சலை மறக்கவில்லை. ஒரு நாற்காலி அவளுக்கு வேண்டும். மனசார வேண்டும்.

கடைசியாக ஒரு வேலைதான் மிச்சம். வீட்டில் வைத்து ஒரு நோயாளியைப் பதினான்கு நாள் விடாமல் கவனித்து, பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் காய்ச்சல், நாடி, தூக்கம், சாப்பாடு எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். வீட்டாரில் ஒருவருக்கு நோயாளியைக் கவனிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ். மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது? அந்த வரியை அவள் கண்டுகொள்ளவில்லை.

வேறு நோயாளி தேடவும் நேரமில்லை. கப்பல் தபால் சரியாகப் பதினைந்தாம் நாள் காலை மூடுகிறது.

"நீங்க பேசாம படுத்திருங்க. பதினாலு நாளும் நீங்கதான் நோயாளி."

"ஆபீஸ்?"

"லீவு எழுதிப் போடுங்க."

கருணாகரன் ரப்பர் கம்பெனியில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. அவன் கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். லண்டன்காரர்கள் இரண்டு கட்டுப் படிவம் அனுப்பியிருந்தார்கள். ஒன்றில் கிறுக்கி, மற்றதில் நல்ல பிரதி எடுத்து அனுப்ப வேண்டும்.

"நல்ல பிரதிய நான் எழுதறேன். ஆனா ஒண்ணு, இந்தக் கையால ஒரு பொய் வரி எழுதமாட்டேன். எந்தக் கட்டத்தையும் காலியா விடவும் மாட்டேன்."

"யாரு பொய் எழுதச் சொன்னா? கண்ணால பார்த்ததை எழுதுங்க, போதும்" என்றாள் அஞ்சலை.

நாடி பார்ப்பதும் தெர்மாமீட்டர் பார்ப்பதும் முதல் நாளே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். காலை எட்டு மணிக்கு டியூட்டியிலிருந்து வந்தால் பத்து மணிக்கெல்லாம் அவளுக்குக் கண் சொருகிவிடும். 'நான் அசந்துட்டா நீங்களே பார்த்து எழுதிடுங்க' என்று சொல்லி வைத்திருந்தாள்.

அசரத்தான் செய்தாள். பிரம்பு நாற்காலியில் பென்சிலும் கையுமாக உட்காருவாள். வெளியே மே மாத மழை நெளிதகரக் கூரையில் ஒரே சீராக விழும். கட்டிலும் மேஜையும் மெல்லக் கரைந்து கடலாகும். அதில் ஒரு வெள்ளைக் கப்பல் சத்தமில்லாமல் வரும். கப்பல் மேல் தளத்தில் ஒரு நாற்காலி, அவளுக்காகப் போட்டது. உட்காரப் போகும்போது யாரோ அவள் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவார்கள். அந்தப் பிடி அவ்வளவு இதமாக இருக்கும். விழித்தால் மத்தியானம் போயிருக்கும். தோளில் போர்வை கிடக்கும்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். ஒரு கட்டம் விடலை."

ஐந்தாம் நாள் ஆபீஸ் பெரிய கிராணி மாணிக்கவாசகம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார். கருணாகரன் அப்போது மூன்றாவது தட்டுச் சோற்றில் இருந்தான். தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கண்ணை மூடினான். வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது.

"என்ன நோவு மிஸி?"

அஞ்சலைக்கும் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "கவனிப்புல வச்சிருக்கோம் ஐயா" என்றாள்.

பெரிய கிராணியின் முகம் வெளுத்தது. நர்ஸே நோயின் பெயரைச் சொல்லவில்லை என்றால்? மெல்லும் வாயைப் பார்த்தார். "வாய் வேற கோணுதே!" என்று முனகிவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலத்துக்குள் தெருவே பேசியது. பக்கத்துச் செட்டிக் கம்பத்தில் குடியிருக்கும், தமிழ் மறந்த சீதா ஒரு சட்டி மீன் குழம்போடு வந்து, "கெசியான், மிஸி" என்று மலாயில் பாவப்பட்டுக் கண்ணீர் விட்டாள். அடுத்த நாள் கோழி வந்தது. அதற்கடுத்த நாள் பாயசம். வந்ததையெல்லாம் நோயாளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். ஒன்பதாம் நாள் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது.

"குணமாயிட்டு வருதுன்னு சொல்லிடலாம்" என்று அஞ்சலை முடிவு செய்து, ஆபீஸுக்குச் சீட்டு அனுப்பினாள். 'ரொம்ப சந்தோஷம், நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுங்கள்' என்று பதில் வந்தது. ஐந்து நாள் பாக்கி! அலறிப் புடைத்துக்கொண்டு, 'மறுபடி படுத்துவிட்டார்' என்று எழுதினாள். வாழ்நாளில் அவள் எழுதிய முதல் பொய் அது. படுத்துத்தானே இருக்கிறார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். மாணிக்கவாசகம் நேரிலேயே வந்து வாசலில் நின்றார்.

"திரும்பத் திரும்ப விழுதுன்னா ஆகாது மிஸி. ஒங்க ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரை நானே கூட்டிட்டு வரேன்."

அஞ்சலை கதவை மறித்து நின்றாள். டாக்டர் வந்து பார்த்தால் டிப்ளோமாவும் போகும், வேலையும் போகும். "வேணாம் ஐயா, நானே தினமும் அவர்கிட்ட சொல்றேன்" என்று கெஞ்சி அனுப்பினாள். அன்று கருணாகரன் பக்கத்தில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள்.

"இனிமே பதினாலாம் நாள் வரைக்கும் தொண்ணூத்தெட்டுப் புள்ளி நாலுதான். இதைப் பார்த்து லண்டன்காரி சிரிப்பா. ரெண்டு வருஷம் தூங்காம படிச்சது வீணாப் போச்சு."

"நீ கொஞ்சம் படு" என்றான் அவன். நாற்காலியிலேயே தூங்கிப் போனாள். கப்பல் வந்தது. நாற்காலி இருந்தது. மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

பதினைந்தாம் நாள் அவள் கண் விழித்தபோது மணி பதினொன்று. தபால் மூடியிருக்கும். தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பத்து மணிக்கே பண்டார் ஹிலிர் தபாலாபீஸ் போய்ப் போட்டுட்டு வந்துட்டேன்" என்றான் கருணாகரன், செருப்பைக் கழற்றியபடி. "நல்ல பிரதிதான். உள்ளது உள்ளபடி."

உள்ளது உள்ளபடி என்றதுதான் அவளைக் கொன்றது.

மெர்டேக்கா வந்தது. பதாங் திடலில் கொடி ஏறியது, ஊரெல்லாம் விளக்கு. அஞ்சலை மட்டும் தபால்காரர் மணியைக் கேட்டாலே பின்கட்டுக்கு ஓடினாள். செப்டம்பர் கடைசியில் சிஸ்டர் சாரதாம்பாள் அவளை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரியில் முதன்முதலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்த நம் ஆள் அவர். மேஜை மேல், ஆஸ்பத்திரி விலாசத்துக்கே வந்த லண்டன் கடிதம் படிவக் கட்டோடு பிரித்துக் கிடந்தது.

அஞ்சலை முந்திக்கொண்டாள். "சிஸ்டர், நானே சொல்லிடறேன். அவருக்கு மூணு நாள் சளிதான். மிச்ச நாளெல்லாம் கல்லு மாதிரி இருந்தாரு. சும்மா படுக்க வச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

சாரதாம்பாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்னடி உளர்றே? பாஸ் போட்டிருக்காங்க. வீட்டு ஆளைப் பழக்கின பகுதிக்கு நூத்துக்கு நூறு. 'இவ்வளவு பொறுமையா, இவ்வளவு அன்பா நோயாளியப் பார்த்துக்க ஒரு கிராணிக்குக் கத்துக்கொடுத்தவ நல்ல சிஸ்டரா வருவா'ன்னு அந்த லண்டன்காரி எழுதியிருக்கா."

அஞ்சலைக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப, அவரோட சளி?"

"யாருக்குடி சளி?" என்றார் சாரதாம்பாள், அச்சுக் கோத்த எழுத்தில் இருந்த முதல் படிவத்தை அவள் பக்கம் திருப்பி. "நோயாளி பேரு அஞ்சலை, வயசு முப்பத்தொண்ணு, நாற்காலியிலேயே தூங்குறா, சாப்பிட மறந்துடுறா, உடனே பதினாலு நாள் லீவு குடுத்துப் படுக்க வைக்கணும்னு லண்டன்லேர்ந்து உத்தரவு வந்திருக்கு!"