எல்லாரும் ஒரு வரி

எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாமல் சதுரங்கப் பலகையில் நிறுத்த வேண்டும். அதற்கு நிரல் எழுதுவதுதான் அன்றைய கணக்கு. நிவெஸ் கணினி முன் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் போனது. ஒரு வரிகூட வரவில்லை. அடுத்து வந்த டாமிருக்கும் அதே கதி.

"கஷ்டமா இருக்கோ?" என்றார் ஸ்வோனிமிர்.

"இல்ல சார், யோசிக்கிறேன்." டாமிரின் விரல் பொத்தான்களுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

குரோவேஷியாவின் ரியெக்கா நகரில், அந்த மென்பொருள் கம்பெனியின் வியாழக்கிழமைக் கூட்டுப் பயிற்சி ஸ்வோனிமிரின் பிள்ளை மாதிரி. நாலு பேர், ஒரே கணினி, முறை வைத்து ஐந்தைந்து நிமிடம். கணக்கைத் தேர்ந்தெடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. அறையின் பெரிய திரையோடு ஒத்துப்போனது வரவேற்பாளர் அன்கித்சாவின், குரோவேஷிய விசைப்பலகை கொண்ட பழைய லேப்டாப் மட்டும்தான். எட்டு வருடத்தில் அதன் பொத்தான்களில் எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது.

டைரக்டர் வெஸ்னா கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னும் மூணு வாரம். அன்னிக்கு நானே வந்து உக்காருவேன். எல்லாரும் ஒரு வரியாவது அடிக்கணும். இல்லேன்னா அந்த ரூம்ல டேபிள் டென்னிஸ்தான்."

கணக்குதான் கடினம் என்று முடிவுகட்டிய ஸ்வோனிமிர், அடுத்த வாரம் ரோமன் எண்களைக் கொடுத்தார். அப்போதும் ஒரு வரி விழவில்லை. அதற்கடுத்த வாரம் இன்னும் இறங்கி, "ரெண்டு எண்ல எது பெருசு?" என்று கேட்டார்.

நிவெஸ் சீறினாள். "எங்கள என்ன ஒண்ணாங்கிளாஸ்னு நெனச்சீங்களா?"

ஆனால் அவளும் அடிக்கவில்லை.

ஸ்வோனிமிருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ஊர்க் கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார்: மலையிலிருந்து கடலை நோக்கிச் சீறிவரும் புரா காற்று எவ்வளவு வேகத்தில் வீசினால் தீவுக்குப் படகு போகாது?

வியாழன் வந்தது. வெஸ்னாவும் வந்தாள். நாலு பேரும் படபடவென்று அடித்துத் தள்ளினார்கள்!

"என்ன மாயம் பண்ணினீங்க?"

"மாயமில்ல மேடம். ஆளுக்கேத்த கணக்கு. அதைத் தேர்ந்தெடுக்கறதுலதான் சூட்சுமம் இருக்கு."

"அப்ப நீங்களும் ஒரு வரி அடிங்க. எல்லாரும்னுதானே சொன்னேன்?"

ஸ்வோனிமிர் கம்பீரமாக உட்கார்ந்தார். எந்த நிரலுக்கும் முதல் வரியிலேயே வரும் நெளிவு அடைப்புக்குறி '{' தேவைப்பட்டது. தன் ஆங்கில விசைப்பலகையில் அது இருக்கும் இடத்தில் தட்டினார். குரோவேஷிய மொழியின் தொப்பி போட்ட 'எஸ்' ஒன்று வந்து நின்றது. அழித்தார். பக்கத்துப் பொத்தானைத் தட்டினார். வேறெதோ வந்தது. டாமிர் கூரையைப் பார்த்தான். நிவெஸ் ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினாள்.

"யோசிக்கிறேன்," என்றார் ஸ்வோனிமிர்.

காபி கொண்டுவந்த அன்கித்சா அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"வலப்பக்கம் அந்தப் பட்டனை அமுக்கிப் புடிச்சிக்கிட்டு 'பி'யைத் தட்டுங்க சார். இவங்க நாலு பேரும் திங்கக்கிழமையே ஒவ்வொருத்தரா வந்து, மத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னு கெஞ்சி, இதைக் கத்துக்கிட்டுப் போயிட்டாங்களே!"