பேக்கரித் தளபதி

மூன்று போர்களை நேரில் பார்த்தவள் நான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். முதல் போரின்போது தொட்டிலில் கிடந்தேன். இரண்டாவதன்போது பம்பரம் விட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவதைப் பள்ளி விடுதியில் தோழி சூசைமேரியோடு ரேடியோவில் கேட்டேன். அதுவும் பாதியில் பேட்டரி தீர்ந்துபோயிற்று. போகட்டும், அரைப் போர் கேட்ட அனுபவத்தில் உங்களுக்கு ஓர் உயிரினத்தை அறிமுகம் செய்கிறேன்: பேக்கரித் தளபதி.

உக்கடத்திலிருந்து அன்னூர் வரை இவர் இல்லாத பேக்கரி கிடையாது. காலையில் நடைப்பயிற்சி என்று கிளம்பி, பேக்கரி வாசல்வரை நடந்து, டீ சொல்லிவிட்டு, மேசைமேல் சர்க்கரை டப்பாவைத் தலைநகரமாகவும் தண்ணீர் ஜக்கை அணைக்கட்டாகவும் வர்க்கிகளை எல்லை மலைகளாகவும் நிறுத்தி, டீ ஆறுவதற்குள் ஒரு நாட்டைப் பிடித்து, வெற்றிக்குப் பின் மலைகளைத் தின்றுவிட்டு வீடு திரும்புவார். சேதம்? நாக்கு லேசாகச் சுட்டிருக்கும்.

"ஏனுங்க, ஒரே அடியா அடிச்சுப்போடோணுங்க! அவிங்க எந்திரிக்கவே கூடாதுங்க!"

இத்தனை மரியாதையோடு வேறெந்த ஊரில் குண்டு வீசுகிறார்கள்?

எங்கள் வீதித் தளபதி கிருபாசங்கர், பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறைக்காரர். கார் கண்ணாடியில் பீரங்கிப் படம். கைப்பேசி அடித்தால் அணிவகுப்பு வாத்தியம். கொசு மட்டையைக்கூடத் துப்பாக்கிபோல் தோளில் சாய்த்துத்தான் பிடிப்பார். "சண்டைங்கறது ஒரு மணி நேர வேலைங்க" என்பது அவருடைய நிரந்தரத் தீர்ப்பு.

அவர் மகள் நந்திதாவைப் பெண் பார்க்க அன்னூரிலிருந்து மதன்குமார் வந்தார். ஜாதகம் பொருந்திவிட்டது. போனில் பேசியே இருவருக்கும் பிடித்தும்விட்டது. அப்பா சம்மதம்தான் பாக்கி. மாப்பிள்ளைக்கு என்ன வேலை? "கவர்மெண்டுங்க" என்றிருந்தார் தரகர். நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பிறகு யார் கேள்வி கேட்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் நானும் மிக்சர் தட்டருகே இடம்பிடித்திருந்தேன்.

"எந்த டிபார்ட்மெண்டுங்க தம்பி?" என்றார் கிருபாசங்கர்.

"பட்டாளத்துலீங்க."

தளபதி துள்ளி எழுந்து சல்யூட் அடித்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"ஆபீஸ் வேலைங்களா?"

"பார்டர்லீங்க."

"அங்க குண்டுகிண்டு உழுகுமுங்களா?"

"உழுகுமுங்க."

ஒரு சொம்புத் தண்ணீர் உள்ளே போயிற்று. ஆனாலும் ஆசை விடுகிறதா? "சண்டை எப்படி இருக்குமுங்க தம்பி?" என்று மலையுச்சியும் கொடியும் முழக்கமுமாக எதிர்பார்த்து முன்னால் சாய்ந்தார்.

மதன்குமார் யோசித்தார். "சாக்ஸ் காயவே காயாதுங்க."

"அப்புறம்?"

"பக்கத்துல படுத்திருந்தவன் ஒரு நா இருக்கமாட்டானுங்க. அவன் காயப்போட்ட சாக்ஸ் மட்டும் தொங்கிட்டிருக்குமுங்க."

நான் மிக்சர் மெல்வதை நிறுத்தினேன்.

"யோசிச்சுச் சொல்றமுங்க" என்றார் கிருபாசங்கர். நம் ஊரில் இதற்கு 'முடியாது' என்று பொருள். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். காபித் தட்டோடு நின்றிருந்த நந்திதா தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னத்தீங்கப்பா யோசிக்கோணும்? சண்டை ஒரு மணி நேர வேலைன்னு நீங்கதான தெனமும் சொல்றீங்க? ஒரு மணி நேரந்தானுங்களே. நான் காத்திருந்துக்கறனுங்க."

தளபதி மாப்பிள்ளையின் அம்மாவை உட்காரச் சொன்னார். சரணடைந்தார். ஆவணியில் கல்யாணம்.

இப்போது பேக்கரியில் அவர் பாட்டே வேறு. "எதுக்குங்க சண்டை? பேசித் தீத்துக்கலாமுங்க" என்கிறார். "என்னங்க, பயந்துட்டீங்களாட்ட!" என்று மற்ற தளபதிகள் அவர் முன்னாலிருந்த வர்க்கித் தட்டைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். பதவி பறிபோயிற்று. மனிதர் வெறும் டீயைக் குடித்துக்கொண்டு, எல்லையில் இன்று அமைதியா என்று கைப்பேசியைத் தடவித் தடவிப் பார்க்கிறார்.

சிரிக்கிறீர்கள், சரி. நேற்றுச் செய்தி பார்த்தபோது "விடவே கூடாது" என்று சோபாவின் கையில் குத்தியது யார்? உங்கள் வீட்டு மேசையில் சர்க்கரை டப்பா எந்த நாட்டில் இருக்கிறது?

இதுவரை எழுதியதைத் தோளுக்குப் பின்னாலிருந்து படித்த சூசைமேரி கண்ணாடியைக் கழற்றினாள். "பேட்டரி எங்க அம்மணி தீந்துச்சு? இன்னும் நாலு குண்டு போடுங்கடான்னு நீ குதிச்ச குதியிலதான ரேடியோ கீழ உழுந்து ஒடஞ்சுது!"