மச்சராஜனின் மூன்றாவது கண்

ராயபுரத்துக்குத் தமிழுலகம் கடமைப்பட்டிருக்கிறது. தென்னாட்டின் முதல் ரயில் அங்கிருந்து புறப்பட்டதற்காக அல்ல. ரயில் எந்த ஊரிலிருந்தும் புறப்படும். ஒரு மகத்தான நாவலைச் சினிமாக்காரர்களிடமிருந்தும், பிறகு அதைவிடப் பெரிய ஓர் ஆபத்திலிருந்தும் ஒரு சொட்டுச் சேதமில்லாமல் காப்பாற்றிக் கொடுத்த பெருமை, 1936-ம் வருஷத்தில், அந்த ஊர்க்காரர்கள் முப்பத்தொரு பேருக்கு மட்டுமே உண்டு. அவர்களுடைய காரியதரிசியின் பெயர் பாஸ்கல்.

பாஸ்கலுக்குத் துறைமுகத்தில் டாலி கிளார்க்கு உத்தியோகம். கப்பல் சீட்டில் எழுதியிருக்கிற மூட்டையும் கரையில் இறங்கிய மூட்டையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது அவனைச் சேர்ந்த விஷயமல்ல. பதினோரு வருஷம் இப்படி எண்ணி எண்ணி அவனுக்கு ஓர் அபூர்வமான தெளிவு வந்திருந்தது: உலகத்தில் சீட்டில் உள்ளதே மெய், இறங்குவதெல்லாம் சந்தேகத்துக்குரியது.

அவன் உயிராக நினைத்த நாவல் ‘முத்துநாகத் தீவு அல்லது மச்சராஜன் மகள்’. ஐந்து பாகம். வேலை விட்டதும், படகு பழுதுபார்க்கும் கொட்டடியில் உட்கார்ந்து அதை உரக்கப் படிப்பான். பர்மா அரிசி மூட்டை தூக்குகிறவர்கள், வலைக்காரர்கள், ரயில்வே பட்டறைக்காரர்கள் எல்லோரும் வந்து கேட்பார்கள். ஐந்து பாகமும் முடிந்ததும் மறுபடி முதல் பாகம். அவர்களில் படிக்கத் தெரிந்தவர்கள் ஏழு பேர். மற்றவர்கள்தான் நாவல் விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர்கள்; புரட்டிப் பார்க்க வழியில்லாததால் எல்லாம் மனப்பாடம். பட்டறையில் ஃபிட்டராக இருந்த கிருஷ்ணப்பனுக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனால் பாஸ்கல் ஒரு ‘உம்’மை விட்டுவிட்டுப் படித்தால், “மாமு, அங்க ஒரு உம் கீது” என்பான். இருக்கும்.

அந்த நாவலைப் பேசும்படமாக எடுத்திருக்கிறார்கள் என்றும், காஜா மொய்தீனின் தகரக் கொட்டகைக்கு வருகிறது என்றும் சுவரில் நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே சபை பிறந்தது. மூல நூலைக் காப்பது நோக்கமாகையால் ‘மூலப் பாதுகாப்புச் சபை’ என்று கிருஷ்ணப்பன் பெயர் வைத்தான். ‘மூலமே எங்கள் உயிர்’ என்று கொட்டடி வாசலில் ஒரு பலகையும் தொங்கியது. முதல் வாரத்தில் ஒன்பது பேர் வந்து மருந்து கேட்டார்கள். இங்கே கவனிக்கப்படுவது வேறு மூலம் என்று பாஸ்கல் பொறுமையாக எடுத்துச் சொன்னான். அவர்களில் இரண்டு பேர் சபையிலேயே சேர்ந்துவிட்டார்கள். உட்கார முடியாத காரணத்தால் எல்லாத் தீர்மானங்களுக்கும் அவர்கள் நின்றபடியே வாக்களித்தது சபைக்குத் தனி கம்பீரத்தைக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்குச் சபை முழுவதும் போயிற்று. பாஸ்கல் துறைமுக வழக்கப்படி நோட்டில் மூன்று கட்டம் போட்டு வைத்திருந்தான்: ‘குறைவு’, ‘சேதம்’, ‘அதிகப்படி’. விளக்கு அணைந்ததும் வேலை மும்முரமாகிவிட்டது. மந்திரக் குள்ளன் வரவேயில்லை: குறைவு. நாவலில் பறக்கும் ஓடத்தை இழுப்பவை பன்னிரண்டு அன்னங்கள். படத்தில் இரண்டு வாத்து, அதிலும் ஒன்று வர மறுத்தது: சேதம். முப்பத்தெட்டுப் பாட்டு: அதிகப்படி. படத்தைப் பார்ப்பதற்கு அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு கடலுக்கடியிலிருந்து மச்சராஜன் எழுந்து வந்தான். முகத்தில் இரண்டே கண்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். முதல் பாகம், நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ‘முக்கண் மச்சராஜன்’ என்று கல்லில் வெட்டினாற்போல் அச்சாகியிருக்கிறது. அதற்குப் பிறகு ஐந்து பாகத்திலும் அந்த மூன்றாவது கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சாதாரண வாசகர்கள் இதை மறதி என்பார்கள். சபை அப்படி நினைக்கவில்லை. சொல்லாமல் விட்டதில்தான் ஆசிரியரின் ஆழம் இருக்கிறது என்பது சபையின் முடிவு. அந்தக் கண் வருங்காலத்தைப் பார்க்கிறது என்று ஒரு கட்சியும், தூங்கும்போது மட்டும் திறக்கிறது என்று ஒரு கட்சியும் ஏற்பட்டு, அதன் பொருட்டு இரண்டு மைத்துனர்கள் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள்.

அப்படிப்பட்ட கண்ணைக் காணோம். கிருஷ்ணப்பன் பெஞ்சின்மேல் ஏறி நின்றான். “இன்னொரு கண்ணு எங்க நைனா?” என்று மச்சராஜனையே நேராகக் கேட்டான். மச்சராஜன் பதில் சொல்லாமல் பாட ஆரம்பித்தான். சபை வெளிநடப்புச் செய்தது.

பாஸ்கலின் மனைவி ஐரீன் மட்டும் பெண்கள் பக்கத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்கு வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. நானூற்றுப் பன்னிரண்டு விலகல்கள் என்று பாஸ்கல் நோட்டைக் காட்டினான். அவள் அதைப் பார்க்கவில்லை.

“நல்லா கீதுங்க,” என்றாள். “மவள அனுப்பிட்டு அந்த மீனு ராஜா தனியா நிக்கிறாரே, நம்ம நைனா மாதிரியே கீது.”

ஐரீனின் அப்பா அவளைக் கட்டிக்கொடுத்த வருஷமே காசிமேட்டுக் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். பாஸ்கலுக்கு அது தெரியும். ஆனாலும் மச்சராஜன் தனியாக நின்றது எந்தக் கட்டத்தில் வரும் என்றுதான் அப்போது யோசித்தான். நாவலில் அவன் நின்றானா உட்கார்ந்தானா என்று குறிப்பு இல்லை.

புதன்கிழமை அவள் தன் தாய் சிலுவையம்மாளோடு மறுபடி போனாள். சனிக்கிழமை இன்னொரு தரம். காரியதரிசியின் சம்சாரமே மூன்று தபா பார்த்துவிட்டதாகச் சபையில் ‘மிகுந்த மனவேதனையோடு’ ஒரு கேள்வி எழுப்பப்பட்டது. விலகல்களைச் சரிபார்க்கத்தான் போனாள் என்று ஒரு கைநாட்டு வைத்துக் கொடுத்தால் போதும் என்று பாஸ்கல் அவளைக் கெஞ்சினான்.

“அயுவறதுக்குப் போனேன்னு எயுதிக்கோங்க. கைநாட்டு இல்ல, கையெயுத்தே போடறேன்,” என்றாள் ஐரீன். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அடுத்து மறியல். கொட்டகை வாசலில் முப்பத்தொரு பேரும் வரிசையாக நின்று நாவலின் முதல் பாகத்தை ஒரே குரலில் சொன்னார்கள். கூட்டம் குறையவில்லை, அதைக் கேட்கவே நாலு பேர் அதிகமாக வந்தார்கள். ஆனால் காஜா மொய்தீன் பயந்த சுபாவம். அவர் எல்லோருக்கும் சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, “பேஜாரு வேணாம் பாஸ்கலு. கத எயுதினவர இட்டுக்கினு வாங்க. தப்புன்னு அவர் வாயால சொல்லட்டும், நாளைக்கே பொட்டிய கட்டி அனுப்பிடறேன்,” என்றார்.

சபை திகைத்துப்போயிற்று. அந்த நாவலை ஒரு மனிதர் எழுதியிருக்கக்கூடும் என்ற எண்ணம் யாருக்குமே வந்திருக்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். ‘ஜெயவேல், எண்ணூர்’ என்று இருந்தது.

பாஸ்கலும் கிருஷ்ணப்பனும் ரயிலேறிப் போய், நெட்டுக்குப்பத்துக்குப் பக்கத்தில் உப்பளத்து ஆபீசில் அவரைக் கண்டுபிடித்தார்கள். ஒடிசலான மனிதர். புருவத்தில்கூட உப்புப் பூத்திருந்தது. வந்த காரியத்தைக் கேட்டதும், “இன்னும் அத்த படிக்கிறாங்களா?” என்றார். தினமும் படிக்கிறோம் என்று பாஸ்கல் சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் அதைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். கட்டாயம் வருகிறேன் என்றார். மரியாதை காரணமாகக் கண் விஷயத்தை அவர்கள் அங்கே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டகைக்குள் மகாசபை கூடியது. ஜெயவேலுக்கு ஆளுயர மாலை. ‘எங்கள் இலக்கியத் தந்தையே’ என்று தொடங்கி பாஸ்கல் ஒன்பது பக்கம் வாசித்தளித்தான். பிறகு கிருஷ்ணப்பன் எழுந்து, கைகட்டி, மச்சராஜனுக்குக் கண் எத்தனை என்று இந்தச் சினிமாக்காரர்களுக்கு உறைக்கிற மாதிரி ஐயா சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டான்.

“ரெண்டு,” என்றார் ஜெயவேல்.

சபை சிரித்தது. ஐயா தமாஷ்காரர்.

“மெய்யாத்தான். ‘முட்டைக்கண் மச்சராஜன்’னு எயுதிக் குட்த்தேன். அச்சாபீசுல நடுவுல இருந்த ‘ட்டை’ய வுட்டாங்க. முக்கண்ணாயிட்டுது. சரி போவட்டும்னு வுட்டுட்டேன்.”

பதினான்கு வருஷ ஆராய்ச்சியில் ஒரு முட்டை விழுந்து உடைந்த சத்தம் முப்பத்தொரு பேருக்கும் கேட்டது. பேசாதிருந்த மைத்துனர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட ஜெயவேல், தம் துணிப்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை வெளியே எடுத்தார். ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் மச்சராஜன் மகள் பாறைக் குகையில் அடைபடுகிறாள், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, அத்தோடு புத்தகம் நின்றுவிடும். வாங்குகிறவர் இல்லையென்று அப்போது நிறுத்திவிட்டதாகவும், ஆனாலும் மனசு கேளாமல் ஆறாம் பாகத்தை எழுதி முடித்து வைத்திருப்பதாகவும் அவர் சொன்னார். இத்தனை பேர் கேட்பதானால் இப்போதே படிக்கிறேன் என்றார்.

பாஸ்கல் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டான். அந்தக் குகை வாசலில் அவன் பதினான்கு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறான். கப்பலில் மூட்டை எண்ணும்போதும், கோயிலில் முழந்தாள் போட்டிருக்கும்போதும் அந்தத் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும் என்று நினைத்திருக்கிறான். படியுங்கள் ஐயா என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டான்.

“இதுல மச்சராஜனுக்குக் கண்ணு எத்தினி?” என்று கிருஷ்ணப்பன் கேட்டான்.

ஜெயவேல் யோசித்தார். “ஒண்ணரன்னு வச்சிக்கங்க. வயசாயிட்டுது, ஒண்ணுல பொரை வியுந்துடுச்சி.”

அதற்குமேல் சபையால் தாங்க முடியவில்லை. கிருஷ்ணப்பன் மிகுந்த விநயத்தோடு, “கோச்சிக்காதீங்கய்யா. நீங்க மூலத்த முயுசா படிச்சிக்கிறீங்களா?” என்றான்.

“எயுதினேன். அப்பால படிக்கல,” என்றார் ஜெயவேல்.

இதைவிட என்ன ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும்? நாவலோடு பரிச்சயமே இல்லாத ஒருவர் அதன் தொடர்ச்சியை எழுதத் துணிந்திருக்கிறார். தீர்மானம் முடிகிறவரை ஐயா வெளியே இருக்கும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்ளப்பட்டார். அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு போனார்.

தீர்மானம் ஆறு ஷரத்து. ‘அவர்’ என்பதா ‘அன்னார்’ என்பதா என்பதில் முதல் ஷரத்துக்கே அரைமணி ஆயிற்று. காரியதரிசி என்ற முறையில் பாஸ்கல் எழுதிக்கொண்டிருந்தான். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம், சோடாக் கடை பெஞ்சில், யாரோ படிக்கிற குரல் கேட்டது. மூன்றாம் ஷரத்தின்போது வெளியே சிரிப்புச் சத்தம். ஐந்தாம் ஷரத்தின்போது ஒரு சத்தமும் இல்லை. பாஸ்கலின் பேனா நின்றது. பாதி எழுந்தான். ஆறாம் ஷரத்து வாக்கெடுப்புக்கு வந்துவிட்டது என்று அக்கிராசனர் சொன்னார். உட்கார்ந்துவிட்டான்.

‘முத்துநாகத் தீவின் ஆசிரியர் முத்துநாகத் தீவிலிருந்து விலகிவிட்டதாலும், இனி அதைப் பற்றி எழுத அன்னாருக்கு யாதொரு அருகதையும் இல்லாததாலும்’ என்று தொடங்கிய தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இருவர் நின்றபடி ஆதரித்தார்கள்.

சபை வெளியே வந்தபோது பெஞ்சில் ஐரீனும், வேர்க்கடலை விற்கிற குப்பம்மாவும், காஜா மொய்தீனும் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் அழுதிருந்தார்கள். குப்பம்மா சிரித்துக்கொண்டும் இருந்தாள். ஜெயவேல் பகல் ரயிலுக்குப் போய்விட்டார். தீர்மானத்தை அவருக்குத் தபாலில் அனுப்பினார்கள். அவர் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டதாகவும், காகிதங்களை அடுப்புக்குக் கொடுத்துவிட்டதாகவும் ஆபீஸ் பியூன் எழுதினான்.

சினிமா மூன்றாம் வாரம் தானாகவே போய்விட்டது. சபை வெற்றிவிழா கொண்டாடியது. அதன் பிறகுதான் உறுப்பினர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், குப்பம்மாவிடம் அளவுக்கு மீறி வேர்க்கடலை வாங்க ஆரம்பித்தார்கள். கிருஷ்ணப்பன் ஒரே நாளில் நாலு தரம் வாங்கினான். குப்பம்மா கடலையை மட்டும் கொடுத்தாள்.

பாஸ்கல் நாற்பது நாள் பொறுத்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐரீன் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்க் குந்தினான். தண்ணீர் ஏறிச்சே, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டான். குரல் அவனுக்கே பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது.

ஐரீன் அவன் முகத்தைப் பார்த்தாள். மனசு இளகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். “தண்ணி கய்த்து வரிக்கும் வந்துட்டுது. அப்போ அவ தலையில இருந்த வெள்ளிச் சீப்ப எட்த்து…”

“இரு, இரு,” என்றான் பாஸ்கல். “நாலாம் பாகத்துல அது தந்தச் சீப்பு.”

ஐரீன் வாயை மூடிக்கொண்டாள். கத்தியை எடுத்து மீனை நறுக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் எத்தனை வருஷம் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

மச்சராஜன் மகள் இன்றைக்கும் அந்தக் குகையில்தான் இருக்கிறாள், கழுத்துவரை தண்ணீர். அவளை அங்கே அடைத்தது முத்துநாகம் என்று நாவலில் எழுதியிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு அவளை உயிருக்கு உயிராய்க் காவல் காப்பவர்கள், இருவர் நின்றபடி, முப்பத்தொரு பேர்.