அமீனா பீ வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட பீரோ

மந்தவெளி, சென்னை-28
ஆகஸ்ட் 1994

சிரஞ்சீவி வெங்கடரமணனுக்கு, அத்திம்பேர் பத்ரிநாராயணன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா கோமளமும் இருக்கிறோம். க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அங்கு நீயும் சௌபாக்கியவதி ரத்னாவும் குழந்தை ஷ்ரேயாவும் க்ஷேமமாக இருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன். விஷயம் என்னவென்றால், நாங்கள் மெட்ராஸை விட்டுவிட்டுப் பம்பாய்க்கே வந்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். மாதுங்காவிலோ செம்பூரிலோ ஒரு சின்ன வீடாகப் பார்க்கவும். தண்ணீர் வராவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கட்டடத்தில் சங்கம் என்று எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நாங்கள் குடியிருக்கும் சாரங்கா கோர்ட்டை நவஹம்ஸா ஹாபிடாட்ஸ் லிமிடெட் என்கிற பெரிய கம்பெனி வாங்கிவிட்டது உனக்குத் தெரியும். வாங்கியதும் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள் என்று நாங்களெல்லாம் ஆசையாகக் காத்திருந்தோம். அவர்கள் நோட்டீஸ் அடித்தார்கள். கட்டடத்தை இடித்துவிட்டு உயரமாகக் கட்டப் போகிறார்களாம், எல்லோரும் ஒத்துழைத்துக் காலி செய்ய வேண்டுமாம். நாங்கள் ஒத்துழைக்கவில்லை. மறு வாரம் லிஃப்ட் நின்றது. அதற்கடுத்து மோட்டார் நின்றது. காவலாளி சின்னப்பையனைக் கேட்டால் (பெயர்தான் சின்னப்பையன், என்னைவிட மூத்தவன்) "நான் இன்னா சார் பண்றது, ஆபீஸ்லேர்ந்து வந்து ஃப்யூஸைப் புடுங்கிக்கினு பூட்டாங்கோ" என்கிறான். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, உன் அக்காவின் முழங்கால் எப்படிப்பட்டது என்பது உனக்குத் தெரியும். கீழே குழாயடியில் நான் குடத்தோடு நின்றதைப் பார்த்த என் பழைய ஆபீஸ் பியூன் சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனான். ரயில்வேயில் முப்பது வருஷம் உழைத்ததற்கு அன்றுதான் பலன் கிடைத்தது.

இரண்டாவது மாடி தனபாலன்தான் சங்கம் வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். திருநெல்வேலிக்காரர், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், உரக்கப் பேசுவார். மொட்டை மாடியில் கூட்டம். அங்கே கோமளம் வடாம் காயவைத்திருந்தாள். கூட்டத்தில் யாரோ அதை மிதித்துவிடப் போகிறார்களே என்று நான் தட்டுகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். "ஏன் என்னை" என்று கேட்டேன். "நீங்க ஒருத்தர்தானய்யா இந்த வெயில்ல எந்திரிச்சுப் போய் ஒரு வேலையச் செய்தீக" என்றார் தனபாலன். அதற்கப்புறம் சங்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று மூன்று கூட்டம் நடந்தது. குடியிருப்போர் நலச் சங்கமா, வாடகைதாரர் உரிமைச் சங்கமா என்று விவாதம். உரிமை என்றால் போலீஸ் வரும் என்றார் ஒருவர். நலம் என்றால் இலவச முகாம் போடக் கண் டாக்டர்தான் வருவார் என்றார் இன்னொருவர். இதற்குள் கம்பெனிக்காரன் குப்பைத் தொட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு உண்ணாவிரதம். தி.நகரில் கம்பெனி ஆபீஸ் வாசலில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். ஆபீஸ் மாடியில் இருக்கிறது, அதற்கு நேர் கீழே ஓட்டல் இருக்கிறது என்பதைப் போய் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தோம். ஒன்பது மணிக்கு நெய் ரவா தோசை வாசனை வந்தது. பத்தரைக்குப் போண்டா. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு விலக்கு என்று தீர்மானம் போட்டிருந்ததால், பதினொரு மணிக்குள் சங்கத்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. மிச்சம் இருந்தவர்களைப் பார்க்கக் கம்பெனி மேனேஜர் ராகவேந்திரன் இறங்கி வந்தார். சின்ன வயசு, கழுத்தில் டை, முகத்தில் அத்தனை பணிவு. "வெயில்ல உக்காந்திருக்கேளே மாமா, உள்ள ஏஸி இருக்கு, வாங்கோ, பேசலாம்" என்றார். போனோம். பேசினோம். நடுவில் காபி வந்தது. பழக்க தோஷத்தில் எல்லோரும் குடித்துவிட்டோம். வெளியே வந்த பிறகு, "உண்ணாவிரதம் என்ன ஆச்சு" என்று முதல் மாடி குல்ஷன் டீச்சர் கேட்டபோதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. அவள் கையிலும் காபி டம்ளர் இருந்தது.

அதற்கப்புறம் கூட்டத்துக்கு யாருமே வருவதில்லை. தனபாலனைக் கேட்டால் கடையில் ஆடித் தள்ளுபடி வேலை என்பார். குல்ஷனைக் கேட்டால் ஹிந்தி பரீட்சை என்பாள். இப்படி இருக்கையில் அந்த ராகவேந்திரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்க மாடியேறி எங்கள் வீட்டுக்கே வந்தார். கோமளத்துக்கு நமஸ்காரம் பண்ணினார், தட்டை சாப்பிட்டார், இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "மாமா, உங்க கேஸ் வேற. மாமிக்குக் கால் வலி. கீழ் வீடு காலியாறது. இடிக்கற வரைக்கும் நீங்க அங்க இருக்கலாம், அப்புறம் புதுக் கட்டடத்துலயும் உங்களுக்குக் கீழ் வீடுதான். வெளியில சொல்லிக்க வேண்டாம்" என்றார். நான் சந்தோஷப்பட்டேன், வெங்கடா. யார்தான் பட மாட்டார்கள். உன் அக்கா பிள்ளையார் சதுர்த்திக்கு இறங்கினால் தீபாவளிக்குத்தான் ஏறுகிறாள்.

கீழே இருப்பது ஒரே ஒரு வீடுதான், மற்றதெல்லாம் கார் நிறுத்தும் இடம். அந்த வீட்டில் அமீனா பீ இருக்கிறாள். புருஷன் போய்ப் பல வருஷமாயிற்று. மந்தவெளியில் பாதிப் பேருக்கு அவள்தான் ரவிக்கை தைக்கிறாள். வேலூரில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எப்போது கிளம்புகிறாள் என்று மரியாதையாகக் கேட்டுவர இறங்கினேன். வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி ஒரு துணிக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "நான் எங்க போறேன் சாமி?" என்று கேட்டாள். அவளே சொன்னாள்: "பதினஞ்சு நாள்ல காலி பண்ணச் சொல்லி ஒரு ஆளு வந்து மிரட்டிட்டுப் போனான். சங்கத்துல சொல்லலாம்னு பாத்தேன். கூட்டமே நடக்கலியே." என்னை உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தாள். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

மேலே வந்து கோமளத்திடம் சொன்னேன். சாதம் வடித்துக்கொண்டிருந்தவள் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, "அவ வீட்டுல போய் நா உக்காந்துண்டு, அவளை எங்க உக்காரச் சொல்றது?" என்றாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மாடிப்படியில் ஒரு பக்கமாகத் திரும்பி இறங்கினாள். ஒவ்வொரு வீடாக மணி அடித்தாள். அப்போதுதான் எல்லாக் கதையும் வெளியே வந்தது. நான் ஒருவன்தான் வேறு கேஸ் என்று நினைத்திருந்தேன். கட்டடத்தில் எல்லோருமே வேறு கேஸ். தனபாலனுக்குக் கார் நிறுத்துமிடத்தில் ஜவுளி மூட்டை அடுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். குல்ஷனுக்கு ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை. ஒருத்தருக்குப் புதுக் கட்டடத்தில் கடல் தெரிகிற பால்கனி என்று சொல்லியிருக்கிறார்கள், அவர் ஏற்கெனவே பிரம்பு நாற்காலி வாங்கிவிட்டார். அமீனா பீக்கு மட்டும் யாரும் எதுவும் கொடுக்கவில்லை. கோமளம் யாரையும் திட்டவில்லை. "இன்னிக்கு அவ, நாளைக்கு நாம. நாம தனித்தனியா நிக்கணும், கம்பெனிக்காரனுக்கு வேண்டியது அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னாள். தனபாலன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாம்மா. இப்பம் என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார். தலைவர் நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் சின்னப்பையன் வந்து, "மாமி, நாளிக்குக் காலீல ஆளுங்க வராங்கோ. அந்த பீயம்மா சாமானை ரோட்ல வெச்சிட்டுப் பூட்டுப் போடப் போறாங்கோ. நான் சொன்னேன்னு சொல்லிடாதே" என்று காதில் போட்டுவிட்டுப் போனான். உடனே உன் அக்கா ஒரு யோசனை பண்ணினாள். அமீனா பீயின் சாமான் எது என்றே தெரியாமல் செய்துவிட்டால் எதைத் தூக்குவார்கள்? கேட்க நன்றாகத்தான் இருந்தது. விடிந்ததிலிருந்து கட்டடத்துச் சாமானெல்லாம் அந்த வீட்டுக்குள் இறங்க ஆரம்பித்தது. தனபாலன் வீட்டு கிரைண்டர், குல்ஷனின் ஹார்மோனியம், யாருடைய வீட்டுக் கொலுப் படியோ, அந்தப் பிரம்பு நாற்காலி, அப்புறம் நம் வீட்டு இரும்பு பீரோ. பீரோவைப் பிடித்து உள்ளே இழுத்தது நான். வெளியிலிருந்து தள்ளியது தனபாலன். அவர் தள்ளிய வேகத்தில் அது வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. நான் உள்ளே, சங்கம் வெளியே.

ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எம்மா, இதுல உன்து எதும்மா?" என்று கேட்டான். அமீனா பீ தையல் மிஷினை ஓட்டியபடியே, "இந்த மிஷினு மட்டும்தான்பா" என்றாள். அவன் அதையாவது எடுக்கலாம் என்று பார்த்தான். "அதுல இருக்கறது என் ரவிக்கை. அவ தெச்சு முடிக்காம மிஷின் நகராது" என்றாள் வெளியே நின்ற கோமளம். மற்ற எதைக் காட்டினாலும் மாடியிலிருந்து ஒரு குரல் அது என்னுடையது என்றது. "அந்த கிரைண்டர்ல கைய வச்சீருன்னா நேரா ஸ்டேஷன்தான், ஆமா" என்றார் தனபாலன். ராகவேந்திரன் காரில் வந்து இறங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க படிச்சவர், நீங்களே சொல்லுங்கோ" என்று என்னிடம் கெஞ்சினார். கோர்ட்டு உத்தரவைக் கொண்டு வாங்கோ, கதவைத் திறக்கிறேன் என்றேன். திறக்க முடியாது என்பது எனக்குத்தான் தெரியும். யாரோ போன் பண்ணிப் போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டரும் அந்தக் கோர்ட்டு உத்தரவையே கேட்டார். உத்தரவு இருந்தால்தானே கொடுப்பார்கள். ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். போவதற்கு முன் அவர்களுக்குக் கோமளம் தயிர் சாதம் போட்டாள். அந்த மேஸ்திரி ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இப்போது நோட்டீஸை வாபஸ் வாங்கிவிட்டார்கள். லிஃப்ட் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது. ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அன்று என்னை வெளியே விடுவதற்காக எல்லோருமாக உள்ளே தள்ளிய பீரோவை வெளியே எடுக்க முடியவில்லை. உள்ளே போன வழியில் அது வெளியே வர மறுக்கிறது. என் வேஷ்டிகள் எல்லாம் அதற்குள் இருப்பதால், தினமும் குளித்துவிட்டுத் துண்டோடு லிஃப்டில் இறங்கி அமீனா பீ வீட்டுக்குப் போய் உடுத்திக்கொண்டு வருகிறேன். மற்ற சாமானெல்லாம் மாறிப் போய், குக்கர் ஒரு வீட்டிலும் மூடி இன்னொரு வீட்டிலுமாக இருப்பதால் தினம் ஒரு பஞ்சாயத்து. அதையெல்லாம் தலைவர் தீர்க்க வேண்டுமாம். போன வாரம் ராஜினாமாவை எழுதித் தனபாலனிடம் கொடுத்துவிட்டேன். போதுமடா வெங்கடா. வீடு பார்த்ததும் தந்தி கொடு. தாதர் எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று.

ரத்னாவுக்கு ஆசி. குழந்தை ஷ்ரேயாவுக்கு அத்தையும் அத்திம்பேரும் முத்தம். நீங்கள் மூவரும் ஆயுள் ஆரோக்கியத்தோடு, முடிந்தால் சொந்த வீட்டில், வாழ்க.

அத்திம்பேர்,
பத்ரிநாராயணன்

பி.கு.: வீடு பார்க்க வேண்டாம். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் வாசலில் ஒரு கும்பல். அடையாறில் இதே கம்பெனியின் இன்னொரு கட்டடத்தில் குடியிருப்பவர்களாம். அங்கேயும் லிஃப்ட் நின்றுவிட்டதாம், தலைவரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் ராஜினாமா செய்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். "உங்களை இல்ல மாமா, மாமியை" என்றார்கள். போன வாரமே இவளைத் தலைவராக்கிவிட்டார்களாம், என்னிடம் யாரும் சொல்லவில்லை. டிக்கெட்டை ரத்து பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர்களோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருக்கிறாள். அமீனா பீயும் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு டிரைவர் பக்கத்தில் பாதி இடம் இருக்கிறது. கூப்பிடுகிறார்கள்.